காற்று வாங்கப் போவதும் சிகிச்சையில் சேர்ந்ததே

கடற்கரைக்குப் போவதைக் ‘காற்று வாங்கப் போவது’ என்று சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு. அரிசி வாங்குவதுபோல, மருந்து வாங்குவதுபோல, காற்றையும் வாங்கி வரலாம் என்று நம் முன்னோர் கருதினர். அதைப் பொழுதுபோக்கு என்று அவர்கள் ஒதுக்கவில்லை; உடம்புக்கு ஆகும் ஒரு காரியமாகவே எண்ணினர். நோயிலிருந்து மீண்டுவரும் ஒருவருக்கும் அவரைக் கவனித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாருக்கும் அந்தப் பழைய எண்ணம் இன்றும் எவ்வளவு பொருந்தும் என்பதைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் உறவினர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. என்ன சாப்பிடக் கொடுக்கலாம்? எந்த மாத்திரையை எந்த வேளைக்குக் கொடுக்க வேண்டும்? மறுபடி எப்போது அழைத்து வர வேண்டும்? எப்படி ஓய்வெடுப்பது என்று கேட்பவர் மிகக் குறைவு. ஓய்வு என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்று நாம் நினைப்பதில்லை. வேலை செய்யாமல் இருந்தால் அதுதான் ஓய்வு என்று முடிவு செய்துவிடுகிறோம். கூடத்தில் கட்டிலைப் போட்டு, எதிரே தொலைக்காட்சியை ஓடவிட்டு, காலை முதல் இரவு வரை நலம் விசாரிக்க வருவோருக்கெல்லாம் நோயின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது ஓய்வாகாது.

அமெரிக்க இதயநோய் வல்லுநர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் 2013ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இங்கே நினைவுகூரத் தக்கது. அந்நாட்டில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்படுகிறார் என்றும், அவர்களில் பலர் முதலில் வந்த நோய்க்காக அல்லாமல் வேறொரு காரணத்துக்காகத் திரும்பி வருகின்றனர் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். இரவில் துண்டு துண்டான தூக்கம், சரியாக உண்ணாமை, படுத்த படுக்கையால் தசை தளர்தல், மனப்பதற்றம் ஆகியவை சேர்ந்து, நோய் தணிந்த பிறகும் உடலைச் சில வாரங்களுக்கு வலுவற்ற நிலையில் வைத்திருக்கின்றன என்பது அவருடைய கருத்து. நோய் போய்விட்டது, ஆனால் உடம்பு இன்னும் வரவில்லை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அந்த உடம்பு வந்து சேர்வதற்குத் தூக்கமும், நல்ல உணவும், மெல்ல நடப்பதற்கு ஓர் இடமும், அவசரமில்லாத பொழுதும் வேண்டும். நோய் கட்டுக்குள் வந்துவிட்ட ஒருவர், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கடலோரத்தில் நண்பர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ நான்கைந்து நாட்கள் தங்கிவந்தால் இவை நான்கும் ஒருங்கே கிடைக்கும். அதை ஆடம்பரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

சுற்றுவது வேறு, தங்குவது வேறு

மேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் கடலுக்குப் போவதென்றால் பெரும்பாலும் இராமேசுவரம் போவது என்றே பொருள். விடியற்காலை இரண்டு மணிக்கு வேன் புறப்படும். தேவிபட்டினத்தில் நவகிரகங்களை வணங்கி, இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோவிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, வரிசையில் நின்று தரிசனம் முடித்து, அப்துல் கலாம் நினைவிடம் பார்த்து, தனுஷ்கோடிக்குப் போய், மறுநாள் விடியலுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். வந்த வேன் வாடகைக்கு ஓர் இடமும் விட்டுப்போகக் கூடாது என்பது கணக்கு.

இறைவழிபாட்டைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. நோயுற்ற காலத்தில் நேர்ந்துகொண்ட வேண்டுதலை நிறைவேற்றுவது நோயாளியின் மனத்துக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்த ஒருவர் ஈர உடையோடு 22 கிணறுகளுக்கு நடந்து, உரிய வேளையில் உணவும் மாத்திரையும் இல்லாமல், ஒரே நாளில் 350 கிலோமீட்டருக்கும் மேல் வேனில் குலுங்கி வருவதை ஓய்வு என்று எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். வேண்டுதலுக்கு உடம்பு தேறிய பிறகு போகலாம். தெய்வம் காத்திருக்கும்.

தங்குவது என்பது இதற்கு நேர்மாறானது. ஓர் ஊர், ஒரு வீடு, ஒரு திண்ணை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் உணவும் உறக்கமும் பேச்சும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கிடையாது. மூன்றாம் நாளில்தான் மனம் கடிகாரத்தை மறக்கத் தொடங்கும். ஆகவே ஒரு நாள், இரண்டு நாள் பயணங்களில் கிடைக்காத ஒன்று நான்கைந்து நாள் தங்குவதில் கிடைக்கிறது.

கடல் நமக்குத் தொலைவிலும் இல்லை. மேலூரிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் தொண்டி வந்துவிடும். பெரியாறு கால்வாய் பாயும் நெல்வயல்களையும் கற்பாறைக் குன்றுகளையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, காளையார்கோவிலைக் கடந்ததும் நிலம் தட்டையாகி, பனைகள் மிகுந்து, காற்றில் உப்பு ஏறுவது தெரியும். தொண்டியையொட்டிய பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அலையடங்கியது. இராமேசுவரத்தார் இந்தப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே அலை மிகுந்த மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வர். இளைத்த உடம்பை அழைத்துப்போகப் பெண்கடலே ஏற்றது.

கிரேக்கத்திலிருந்து ஒரு செய்தி

கடலோரத்தில் மெல்ல வாழ்வதை ஒரு கலையாகவே வளர்த்த நாடு கிரேக்கம். மருத்துவத்தின் தந்தை என்று நாங்கள் படித்த ஹிப்போகிரட்டீஸ் பிறந்த கோஸ், நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு. அவர் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று காற்று, நீர், இடம் என்ற மூன்றும் மனித உடல்நலத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையே பேசுகிறது. கோஸ் தீவிலும் எபிடாரஸ் என்னும் ஊரிலும் இருந்த அஸ்கிலீப்பியஸ் என்னும் மருத்துவக் கடவுளின் ஆலயங்களில் நோயாளிகள் தங்கியிருந்து, நீராடி, ஆலயத்துக்குள்ளேயே உறங்கினர். உறக்கத்தில் கடவுள் வந்து குணமாக்குவார் என்பது அவர்கள் நம்பிக்கை. கடவுள் வந்தாரோ இல்லையோ, உறக்கம் வந்தது. அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிட முடியாது.

நம் காலத்து ஆய்வுகளிலும் கிரேக்கம் அடிக்கடி இடம்பெறுகிறது. அன்செல் கீஸ் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரேக்கத் தீவுகளான கிரீட்டும் கார்ஃபுவும் இடம்பெற்றன. கிரீட் தீவின் உழைப்பாளி ஆண்களிடையே இதயநோய் இறப்பு மிகக் குறைவாக இருந்தது கண்டு உலகமே வியந்தது. ஆலிவ் எண்ணெய், பயறு வகைகள், காய்கறி, கீரை, சிறிதளவு மீன், அரிதாக இறைச்சி ஆகியவையே அவர்கள் உணவு. 2010இல் யுனெஸ்கோ அந்த மத்தியதரைக்கடல் உணவுமுறையை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, கிரேக்கத்தின் சார்பில் கொரோனி என்னும் கடற்கரை ஊர் அதில் இடம்பெற்றது. என்ன உண்பது என்பதோடு, சேர்ந்து அமர்ந்து பொறுமையாக உண்பதையும் அந்த மரபின் பகுதியாக யுனெஸ்கோ கருதியது.

அடுத்தது பகல் உறக்கம். கிரேக்கத்தில் இதயநோய், பக்கவாதம், புற்றுநோய் ஆகியவை அதற்கு முன் இல்லாத 23,681 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. வாரத்தில் மூன்று நாட்களாவது, அரைமணி நேரமாவது மதியம் உறங்கியவர்களிடையே இதயநோய் இறப்பு 37 விழுக்காடு குறைவாக இருந்தது. வேலைக்குச் செல்லும் ஆண்களிடையே இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது. விடுமுறையைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. இதயநோய் வரும் வாய்ப்பு மிகுந்த 12,338 நடுவயது ஆண்களை அமெரிக்காவில் ஒன்பது ஆண்டுகள் கவனித்து, 2000இல் வெளியிட்ட முடிவு அது. ஆண்டுதோறும் விடுமுறை எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது.

இவற்றைப் படித்துவிட்டு, உறங்கினால் மாரடைப்பு வராது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். விடுமுறை எடுக்க முடிந்தவர் பொதுவாக வசதியும் உடல்வலுவும் உள்ளவராகவே இருப்பார். அவர் நீண்ட நாள் வாழ்வதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் கணக்கிட்டு விலக்க முயன்றாலும் அந்த ஐயம் முழுவதும் நீங்காது. இருப்பினும் எல்லாச் சான்றுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. கெடுதல் செய்யாத, செலவு குறைந்த, நோயாளி விரும்பி ஏற்கும் ஒரு செயலைப் பரிந்துரைக்க எனக்கு இந்தச் சான்று போதும்.

விருந்து என்னும் சொல்

கிரேக்கருக்கும் நமக்கும் உறவு புதிதன்று. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் மத்தியதரைக்கடல் நாட்டுப் பானை ஓடுகளும் கப்பல் உருவம் கீறிய ஓடும் கிடைத்துள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடல்வழிக் கையேடு பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. யவனர் என்று சங்கப் புலவர்கள் அழைத்தவர்கள் மரக்கலத்தில் வந்து, காற்று திசை மாறும் வரை மாதக்கணக்கில் இங்கே தங்கினர். அவர்கள் அவசரப்பட்டுத் திரும்ப முடியாது; பருவக்காற்று அனுமதிக்காது.

சொற்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ‘விருந்து’ என்னும் தமிழ்ச் சொல்லின் பழைய பொருள் புதுமை; வீட்டுக்குப் புதிதாக வந்தவரே விருந்தினர். கிரேக்க மொழியில் ‘க்ஸெனோஸ்’ என்ற ஒரே சொல் அயலாரையும் விருந்தினரையும் குறிக்கும். விருந்தோம்பலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். இன்றும் கிரேக்கத் தீவுகளுக்குச் செல்வோர், விடுதியில் தங்கியதைவிட நண்பர் வீட்டில் தங்கியதையே மறக்க முடியாத அனுபவமாகச் சொல்கின்றனர். விடுதியில் நாம் வாடிக்கையாளர். வீட்டில் நாம் அந்த வீட்டின் நேரத்துக்குள் வந்துவிடுகிறோம். அவர்கள் உண்ணும்போது உண்கிறோம், உறங்கும்போது உறங்குகிறோம். நோயைச் சுற்றியே சுழன்றுகொண்டிருந்த நம் நாள் வேறொரு வீட்டின் நாளோடு இணைந்துவிடுகிறது.

இதை நானும் அனுபவித்தேன். தொண்டிப் பக்கத்தில் என் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. தலைமுறைகளாகக் கடலோரத்தில் வாழும் முஸ்லிம் குடும்பம். இதய அடைப்புக்குச் சிகிச்சை பெற்றுத் தேறியிருந்த என் தந்தையையும், அவரைவிட அதிகம் களைத்திருந்த என் தாயையும் அழைத்துக்கொண்டு ஒரு பிப்ரவரி மாதம் அங்கே ஐந்து நாட்கள் தங்கினேன். “பசியாறினீர்களா?” என்று கேட்டபடிதான் அந்த வீட்டில் ஒவ்வொரு காலையும் தொடங்கும். கிழக்குக் கரையாதலால் கதிரவன் கடலிலிருந்து எழுவதைத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். படகுகள் கரைதிரும்பும் நேரத்தில் என் தந்தை மெல்ல நடந்துபோய், வலையிலிருந்து மீன் கழற்றுவோரிடம் பேசிக்கொண்டு நிற்பார். வயலைப் பற்றி அவர் சொல்வார், கடலைப் பற்றி அவர்கள் சொல்வார்கள். யாரும் அவரிடம் நெஞ்சுவலியைப் பற்றிக் கேட்கவில்லை. “இங்கே நான் நோயாளி இல்லை, விருந்தாளி” என்று மூன்றாம் நாள் அவரே சொன்னார்.

நான் மருத்துவன் என்ற முறையில் கவனித்தது வேறொன்று. நடந்தால் மூச்சு வாங்குமோ என்ற அச்சத்தில் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருந்தவர், ஐந்தாம் நாள் தம்மையறியாமல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருந்தார். நடக்கச் சொல்லி நான் பலமுறை அறிவுறுத்தியும் நடவாதவரை அந்தக் கரை நடக்க வைத்தது.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற பழமொழி அப்போது நினைவுக்கு வந்தது. விருந்தினர் தம் எல்லையை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். தங்கப் போகிறவர் காய்கறி, அரிசி, மளிகை என்று தம் பங்கைக் கொண்டு செல்லட்டும். சமையலில், பாத்திரம் கழுவுவதில் ஒரு கை கொடுக்கட்டும். அப்படிச் செய்தால் நான்காம் நாளும் விருந்து புளிக்காது. மருந்தைப் பொறுத்தவரை மட்டும் அந்தப் பழமொழியை மறந்துவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் உரிய மருந்துகளை மூன்று நாளோடு நிறுத்தக் கூடாது. விடுமுறையிலும் தொடர வேண்டும்.

கவனிப்பவரைக் கவனிப்பது யார்?

இக்கட்டுரையின் முதன்மையான செய்தி நோயாளிக்கு மட்டும் உரியதன்று. அவரருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கும் மனைவிக்கு, வேலைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஓடும் மகனுக்கு, தன் பிள்ளைகளையும் மாமியாரையும் ஒருங்கே பார்க்கும் மருமகளுக்கு உரியது.

நோயுற்ற கணவரையோ மனைவியையோ வீட்டில் கவனித்துவந்த முதியோரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு 1999இல் வெளிவந்தது. கவனிப்புப் பணியால் மனமும் உடலும் நெருக்கடிக்கு உள்ளானவர்களிடையே, அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. கவனிப்பில் ஈடுபட்டும் நெருக்கடியை உணராதவர்களிடையே இந்த உயர்வு காணப்படவில்லை. சுமையைத் தாங்க முடியாமல் தாங்குவதுதான் கொல்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

எங்கள் புறநோயாளிப் பிரிவில் இதை நாள்தோறும் காண்கிறோம். கணவரின் சர்க்கரை அளவை ஒவ்வொரு வேளையும் குறித்துக்கொண்டு வரும் பெண்மணி, தம் இரத்த அழுத்தத்தைப் பார்த்து ஓராண்டு ஆகியிருக்கும். “எனக்கு என்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பார். அவருக்குத் தேவையானது இன்னொரு மாத்திரை அன்று. வேறொருவர் சமைத்த உணவை உட்கார்ந்து உண்பதும், இரவில் இடையில் எழாமல் உறங்குவதும், தன் வயதொத்த ஒரு பெண்ணிடம் வாய்விட்டுப் பேசுவதும்தான். நண்பர் வீட்டில் தங்குவதன் மிகப் பெரிய பயன் அவருக்கே கிடைக்கிறது. ஆனால் அங்கேயும் மருந்து எடுத்துக் கொடுப்பதும் துணி துவைப்பதும் அவர் தலையிலேயே விழுமானால் இடம் மட்டுமே மாறியிருக்கும். ஆகவே புறப்படும் முன்பே வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த நான்கைந்து நாட்களுக்கு மாத்திரைப் பொறுப்பை மகன் ஏற்கட்டும்.

நோயாளி பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்தால், கவனிப்பவர் மட்டும் இரண்டு மூன்று நாட்கள் போய்வரலாம். உடன்பிறந்தாரோ மற்றோர் உறவினரோ அந்நாட்களில் பொறுப்பேற்கலாம். நோயாளியை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனாள் என்று அக்கம்பக்கத்தார் பேசுவர் என்ற அச்சம் பல பெண்களைத் தடுக்கிறது. இதில் நோயாளியின் சொல்லுக்கே வலிமை அதிகம். “நீ போய்வா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் நாலு பேர் முன்னிலையில் சொன்னால் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஐந்து நாள் வேலையை விடுவது எளிதன்று என்பதையும் அறிவேன். சிகிச்சைச் செலவுக்கு நகையை அடகு வைத்தவரிடம் விடுமுறையைப் பற்றிப் பேசுவது கேலியாகத் தோன்றலாம். ஆயினும் நான் சொல்வது விடுதி அறையும் வாடகைக் காரும் அன்று. சம்பந்தி வீடு, பழைய உடன்வேலையாள் வீடு, கூடப்படித்தவர் வீடு என்று கடலோரத்தில் ஓர் உறவு பல குடும்பங்களுக்கு இருக்கிறது. பல ஆண்டுகளாக ‘ஒருமுறை வந்து தங்கிப் போங்கள்’ என்று அவர்கள் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். பேருந்துக் கட்டணத்தில் அந்த அழைப்பை ஏற்கலாம். பதிலுக்கு அழகர்கோவிலுக்கு அவர்கள் வரும்போது நம் வீட்டில் தங்கட்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எந்த ஊர், எத்தனை நாள், எப்படிப் பயணம் என்று சொல்லிக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். நோயின் சுருக்கம், இப்போதைய மருந்துச் சீட்டு, கடைசி இசிஜி ஆகியவற்றின் நகலை ஓர் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். தேவையைவிட மூன்று நாள் மருந்து கூடுதலாக இருக்கட்டும்.

பருவம் முக்கியம். தை, மாசி மாதங்கள் நம் கிழக்குக் கரைக்கு மிக ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும். சித்திரை, வைகாசியில் வெயில் கடுமையாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுகளும் கடலுக்குப் போவதில்லை.

பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். நெடுநேரம் அசையாமல் அமர்ந்தால், குறிப்பாக அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, கால் நரம்பில் இரத்தம் உறையும் வாய்ப்பு உண்டு.

சர்க்கரை நோயாளிகள் கடல் மணலில் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சுடுமணல் சுடுவதும் தெரியாது, சிப்பி கீறுவதும் தெரியாது. குதிகாலில் பட்டை உள்ள செருப்பு அணியுங்கள். ஒவ்வொரு மாலையும் பாதங்களை நன்னீரில் கழுவித் துடைத்து, விரலிடுக்குகள் உட்பட உற்றுப் பாருங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் குறைந்த அறை வெப்பத்தில் நான்கு வாரங்கள் வரை வைத்திருக்கலாம். உறையில் எழுதியிருப்பதைச் சரிபாருங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஒரு சிறு மண்பானையைத் தண்ணீர் ஊற்றிய ஈரமணலில் பதித்து, அதற்குள் மருந்தை நனையாமல் வைத்தால் போதும்.

இதயம் பலவீனமானவர்களும் உப்பைக் குறைக்க வேண்டியவர்களும் கருவாட்டையும் ஊறுகாயையும் தவிர்க்க வேண்டும். கடலோர வீட்டில் அன்புடன் பரிமாறப்படும் முதல் பொருளே கருவாடாக இருக்கக்கூடும். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. புதிய மீனைக் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ உண்ணலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயிலில் தலைசுற்றல் வந்தாலோ, மாறாகக் கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாட்களில் எடை இரண்டு கிலோ கூடினாலோ உடனே எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர் ஏற்றதன்று. அதில் பொட்டாசியம் மிகுதி. அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் போகும் ஊருக்கு அருகில் டயாலிசிஸ் செய்ய இடம் கிடைப்பதை முன்பே உறுதி செய்துகொள்ளாமல் புறப்படக் கூடாது. அல்லது இரண்டு டயாலிசிஸுக்கு இடைப்பட்ட ஒரு நாளில் மட்டும் போய்வரலாம்.

கல்லீரல் நோய் உள்ளவர்கள் சரியாக வேகாத நண்டு, இறால், சிப்பி ஆகியவற்றை உண்ணக் கூடாது. உடலில் புண் இருக்கும்போது கடலில் இறங்கவும் கூடாது. கடல்நீரில் வாழும் ஒருவகைக் கிருமி அவர்களுக்கு உயிராபத்தை விளைவிக்கக்கூடியது. வலிப்பு நோய் உள்ளவர்கள் துணையின்றி நீரில் இறங்க வேண்டாம். தனுஷ்கோடி முனையில் நீரோட்டம் கடுமையானது. அங்கே நலமுள்ளவர்களும் குளிக்கக் கூடாது.

நெஞ்சு அழுத்தம், திடீர் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்க வேண்டாம். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரமே எல்லை. இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. தங்குமிடத்திலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், அறுவைப் புண் ஆறாதவர்கள், காய்ச்சல் நீடிப்பவர்கள், ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள், கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள், சளியில் காசநோய்க் கிருமி இன்னும் வெளிப்படுபவர்கள் ஆகியோர் இப்போது போகக் கூடாது. இவர்களுக்கும் காலம் வரும். எப்போது என்பதை மருத்துவர் சொல்வார்.

அதுவரையும், எக்காலத்தும் போக இயலாதவர்களுக்கும், நம் ஊரிலேயே நீரும் காற்றும் இருக்கின்றன. மேலூர் வட்டாரத்தில் கண்மாய் இல்லாத ஊர் அரிது. மாலை ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரையில், கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு மரத்தடியில் அரைமணி நேரம் சும்மா இருங்கள். சும்மா இருப்பதைப் பெரியதோர் பேறாகப் போற்றிய மரபு நம்முடையது. இன்று அச்சொல்லைச் சோம்பலுக்கு மட்டுமே பயன்படுத்துகிறோம்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது உணவையும் மாத்திரையையும் பற்றிக் கேட்டபின், “நாங்கள் சில நாட்கள் காற்று வாங்கப் போய்வரலாமா?” என்றும் கேளுங்கள். நோயாளி மட்டுமன்றி, அவரை அழைத்து வந்தவரும் தமக்காக அதைக் கேட்கலாம். போகலாம் என்றால் எத்தனை நாள், எவ்வளவு நடை, எதைத் தவிர்ப்பது என்று மருந்துச் சீட்டிலேயே எழுதித் தருகிறோம்.